கல்லடியில் ஒரு கூட்டு வீடு: என் தம்பி வாழும் இல்லம் பற்றிய மதிப்புரை

மட்டக்களப்பின் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள குடிமனைப் பகுதியொன்றில், அடுத்தடுத்த இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்து, அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள வயது வந்தோர் பதினொரு பேர் உதவியாளர்களோடு வாழ்வதற்கான இல்லமொன்றைச் சிறிய தொண்டு அமைப்பொன்று நடத்தி வருகிறது. ஆண்கள் ஆறு பேர் ஒரு வீட்டிலும் பெண்கள் ஐந்து பேர் மற்றதிலும் இருக்கிறார்கள். டவுன் சின்ட்ரோமுடன் (அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் பிறவி நிலை) பிறந்த என் தம்பி, நாற்பது வயதை நெருங்கிய நிலையில் அங்கே குடிபோனான். இல்லத்தின் பெயரையும் வீதியையும் நான் குறிப்பிடவில்லை. அது பதினொரு பேர் குடியிருக்கும் வீடு, முன்னறிவித்தல் இல்லாமல் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போவதை அவர்கள் விரும்புவதில்லை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தங்கள் பிள்ளைக்கோ சகோதரத்துக்கோ இப்படியான இடமொன்றைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நமது பகுதியில் இந்தத் தேவை தனியான ஒரு வடிவத்தில் எழுகிறது. இலங்கையின் கிழக்குக் கரையில், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதே வழக்கம். மூத்த மகள் கலியாணம் முடித்ததும் பெற்றோர் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்காக அருகிலேயே இன்னொன்றைக் கட்டத் தொடங்குவார்கள். ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போவான். கலியாணம் முடிக்காத, அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள ஆண்பிள்ளைக்கு இந்த ஒழுங்கில் ஓர் இடம் வைக்கப்படவே இல்லை. அவன் தாயோடு இருப்பான், தாய்க்குப் பிறகு அக்காவோடோ தங்கையோடோ இருப்பான். அங்கே அன்புக்குக் குறைவில்லாவிட்டாலும் அது அவனுடைய வீடு ஆகாது. பெண்பிள்ளையாக இருந்தால் சீதன வீடு எழுதப்படாமலே போகும், அவளும் சகோதரியின் வீட்டில் ஒரு மூலையில் இருப்பாள். இதோடு ஆயுளும் நீண்டிருக்கிறது. அமெரிக்காவில்கூட 1983இல் டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகளாகவே இருந்தது. பிறவி இதயக் கோளாறுகளுக்கு அறுவைச் சிகிச்சை கிடைக்கத் தொடங்கியதாலும், இவர்களைப் பெரிய விடுதிகளில் அடைத்து வைக்கும் வழக்கம் குறைந்ததாலும் அது இன்று 60ஐ எட்டியிருக்கிறது. பெற்றோர் போன பின்பும் இருபது, முப்பது ஆண்டுகள் வாழப்போகும் ஒருவருக்கு எங்கே, யாரோடு, எப்படி வாழ்வது என்ற கேள்விக்கு நமது குடும்ப ஒழுங்கு மட்டும் விடை தராது.

இல்லத்தை எந்த அளவுகோலால் அளந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதை மற்றவர்களைப் போலவே தாமும் தெரிவு செய்யும் உரிமை இவர்களுக்கு உண்டு என்கிறது அதன் 19ஆவது உறுப்புரை. அந்த உறுப்புரையை விளக்கி, உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2017இல் வெளியிட்ட 5ஆவது பொதுக் கருத்துரை இன்னும் ஒரு படி மேலே போகிறது: நூறு பேருக்கு மேற்பட்டோர் வாழும் பெரிய நிறுவனம் மட்டுமல்ல, ஐந்து முதல் எட்டுப் பேர் வாழும் சிறிய வீடும், தனியொருவர் வாழும் வீடும்கூட, நிறுவனத்துக்குரிய இயல்புகளைக் கொண்டிருந்தால் சுதந்திரமான வாழிடமாகக் கொள்ளப்படாது. அன்றாட முடிவுகள் தம் கையில் இல்லாமை, யாரோடு வாழ்வது என்ற தெரிவின்மை, உதவியாளரைக் கட்டாயமாகப் பகிர்ந்துகொள்வது, இறுகிய நேர அட்டவணை, எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே வேலையைச் செய்வது ஆகியவை அந்த இயல்புகளாகச் சொல்லப்படுகின்றன. சுவரும் தரையும் துப்புரவாக இருக்கின்றனவா, சோறு நேரத்துக்கு வருகிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்தியோடு திரும்பும் உறவினர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். என் பார்வையில், யார் முடிவு செய்கிறார்கள் என்பதே முதற் கேள்வி. அந்தக் கேள்வியில் இந்த இல்லம் பாதிக்கு மேல் தேறுகிறது. தேறாத இடங்களும் சிறியவை அல்ல.

கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓட்டுக் கூரை, சீமெந்துத் தரை, அறைக்கு இருவர், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பிகள். சக்கர நாற்காலி ஏறக்கூடிய சாய்தளம் ஆண்களின் வீட்டில் மட்டுமே இருக்கிறது, பெண்களின் வீட்டுக்கும் அதைக் கட்டியே ஆகவேண்டும். ஆனால் இல்லம் அமைந்திருக்கும் இடம் மிக நல்லது. தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரித்து வாவியின் நடுவே மாந்தீவில் வைத்த மாவட்டம் இது. ஒதுக்கி வைப்பது எப்படியிருக்கும் என்பது இங்கே யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த இல்லமோ ஊரின் நடுவில் இருக்கிறது. இரண்டு வளவு தள்ளிக் கடை, நடக்கும் தூரத்தில் கோயில், பஸ் ஓடும் வீதி. கடைக்காரர் இவர்கள் பதினொரு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

அன்றாட வாழ்க்கையில்தான் இந்த இல்லம் சிறந்து நிற்கிறது. மணி அடித்து எல்லோரையும் ஒன்றாக எழுப்புவதில்லை. வேலைக்குப் போகிறவர் வெள்ளனவே எழும்புகிறார், மற்றவர் விரும்பினால் எட்டு மணி வரை படுத்திருக்கிறார். ஒவ்வொருவருடைய கட்டிலருகிலும் படங்கள் ஒட்டிய பலகை ஒன்று தொங்குகிறது: பல் விளக்குவது, குளிப்பது, தேத்தண்ணி, மருந்து, வேலை, கடை என்று அவரவருடைய நாள் அவரவர் ஒழுங்கில். முடிந்த காரியத்தின் படத்தைக் கழற்றிக் கீழேயுள்ள உறைக்குள் போடுகிறார்கள். ஓட்டிசம் உள்ள, பேச்சு வராத இளைஞர் ஒருவர் அங்கே வந்த புதிதில் பின்னேரங்களில் தன் கையைக் கடித்துக் காயப்படுத்திக்கொள்வார். உதவியாளர்கள் அவரை அதட்டவுமில்லை, உடனே தூக்க மருந்து கேட்டு ஓடவுமில்லை. எந்தெந்த நாளில் கடிக்கிறார் என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தார்கள். சொல்லாமல் ஏதாவது மாறிய நாட்களிலேயே அது நடக்கிறது என்பது தெரியவந்தது. இப்போது மாற்றம் வரப்போகும் நாளில் காலையிலேயே அவருடைய பலகையில் மஞ்சள் அட்டை ஒன்றை வைத்து, புதிதாக நடக்கப்போவதன் படத்தையும் காட்டிவிடுகிறார்கள். அவருடைய கையிலிருந்த புண்கள் ஆறிவிட்டன. பயிற்சியும் பொறுமையும் உள்ள உதவி எப்படியிருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

என் தம்பிக்கு அவனுடைய அலுமாரியின் திறப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது. அதை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறான். எங்கள் வீட்டில் அவனுடைய உடுப்பு எல்லோருடைய உடுப்போடும் கிடந்தது. இப்போது நான் போனால், “தட்டிப்போட்டு வாங்கக்கா” என்கிறான், நான் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். இரவுச் சாப்பாட்டை வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் முடிவு செய்கிறார். முடிவு செய்தவர் சமையலிலும் கூட நிற்க வேண்டும். தம்பியின் முறை வந்தால் பிட்டும் மீன் குழம்பும்தான், தேங்காயைத் துருவுவதும் அவன்தான். அடுப்புக்குக் கிட்டப் போகவே விடாத வீடுகளில் வளர்ந்த இவர்கள் நாற்பது வயதில் சமைக்கக் கற்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஒரு முறை பெண்கள் வீட்டில் ஒருவருக்குக் கையில் இலேசாகச் சுட்டுவிட்டது. இல்லத்தார் அதைப் பதிவேட்டில் எழுதி, குடும்பத்துக்கு அன்றே அறிவித்து, நீண்ட பிடியுள்ள சட்டி ஒன்றை வாங்கினார்கள். அந்தப் பெண்ணைச் சமையலறைக்கு வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆபத்து ஏதும் வராத வாழ்க்கையைத் தருவதாகச் சொல்லும் இடங்களை விட, ஆபத்தைக் குறைத்துக்கொண்டு வாழவிடும் இடத்தையே நான் நம்புவேன்.

சுவீடனைச் சேர்ந்த பெங்ட் நீரியே 1969இல், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களுக்கும் நாளும் வாரமும் ஆண்டும் ஊரிலுள்ள மற்றவர்களுக்குப் போலவே சுழல வேண்டும் என்று எழுதினார். அந்த ஆண்டுச் சுழற்சி இங்கே உயிரோடு இருக்கிறது. தைப்பொங்கலுக்கு முற்றத்தில் பானை வைக்கிறார்கள், ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்குப் போகிறார்கள், நத்தாருக்குக் கிறிஸ்தவர்களான இருவரும் தங்கள் வீடுகளுக்குப் போய் வருகிறார்கள். காத்தான்குடியைச் சேர்ந்த ஒருவரும் ஏறாவூரைச் சேர்ந்த ஒருவரும் அங்கே இருப்பதால், இறைச்சி எப்போதும் முஸ்லிம் கடையில்தான் வாங்கப்படுகிறது, பன்றி இறைச்சி வளவுக்குள் வருவதில்லை, நோன்பு காலத்தில் சஹர் சாப்பாட்டுக்காக உதவியாளர் ஒருவர் வெள்ளாப்பில் எழும்பி அடுப்பு மூட்டுகிறார். இரு சமூகங்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்தும் ஒன்றாகச் சாப்பிட வாய்ப்புக் குறைந்த நமது கரையில் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வேலையும் பணமும் வேறு கதை. கிழமை நாட்களில் பெரும்பாலானோர் அதே அமைப்பு நடத்தும் வேலைத்தலத்துக்குப் போய் அரிசிமா வறுத்துப் பொதி செய்கிறார்கள். வேலை சுத்தமாக நடக்கிறது, மா விற்பனையாகிறது. ஆனால் எட்டுப் பேர் ஒரே மேசையில் ஒரே வேலையை ஆண்டுக்கணக்காகச் செய்வதற்குக் காரணம், அது அவர்களுக்குப் பிடித்திருப்பதல்ல, வேறு வேலை தேடிக் கொடுக்க ஆளில்லை என்பதே. தம்பிக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும், அயலில் முட்டைக் கோழி வளர்க்கும் குடும்பத்தோடு பேசி, காலையில் தீன் வைக்கவும் முட்டை எடுக்கவும் அவனைச் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சம்பளம் அவன் பெயரிலுள்ள வங்கிப் புத்தகத்துக்குப் போகிறது. ஒருவருக்குச் செய்ய முடிந்ததை மற்றவர்களுக்கும் செய்யலாம். வேலைக்கு ஆள் சேர்ப்பதில் அங்கவீனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதை, அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க இலங்கைச் சட்டம் தடை செய்திருக்கிறது. கல்லடியிலும் நகரத்திலும் உள்ள கடைகளையும் பேக்கரிகளையும் அணுகுவதற்கு அது போதுமான துணை. மாப்பொதி விற்ற பணம் பொது நிதிக்குப் போய், ஒவ்வொருவருக்கும் சிறு கைச்செலவு மட்டும் கொடுக்கப்படுவது எனக்கு உடன்பாடில்லை. உழைத்தவருக்கு அவருடைய கணக்கு எழுத்தில் காட்டப்பட வேண்டும். குடும்பங்கள் கேட்ட பிறகு மாதாந்தக் கூற்று தருகிறார்கள். அதைக் குடும்பத்துக்கு மட்டும் தராமல் உழைத்தவருக்கும் படத்தோடும் நாணயத்தோடும் விளக்க வேண்டும்.

மருத்துவக் கவனிப்பில் நான் எதிர்பார்த்ததை விட அதிகம் கிடைத்தது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைரொயிட் சுரப்புக் குறைவு பரவலாக வரும். சோம்பலும் உடற்பருமனும் அவர்களுடைய இயல்பு என்று எண்ணிக் குடும்பங்கள் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவதுண்டு. இங்கே ஆண்டுக்கொரு முறை போதனா வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை செய்விக்கிறார்கள். அல்சைமர் மறதி நோயும் இவர்களுக்கு மற்றவர்களை விட வெகு முன்னதாக, நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வரக்கூடும். அதனால் ஒவ்வொருவரும் இப்போது என்னென்ன தாமாகச் செய்கிறார்கள், யார் யாருடைய பெயர் நினைவிருக்கிறது, கடைக்குப் போய் வழி தவறாமல் திரும்புகிறார்களா என்பதை ஆண்டுதோறும் எழுதி வைக்கிறார்கள். பின்னால் மாற்றம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். வலிப்புள்ள இருவருக்கும் வலிப்பு வந்த நேரம், நீடித்த நேரம், அதற்கு முன் தூக்கம் குறைந்ததா என்பன பதிவாகின்றன. மருந்து கொடுக்கும்போது இருவர் கையொப்பமிடுகிறார்கள். இறைச்சியையும் மீனையும் விழுங்குவதில் சிரமமுள்ளவர்களுக்குச் சிறிதாக நறுக்கி, முள் எடுத்துக் கொடுக்கிறார்கள். தொண்டையில் அடைத்துக்கொள்வது இவர்களுக்கு உயிராபத்தாக முடியக்கூடிய ஒன்று என்பதை உதவியாளர் எல்லோரும் அறிந்திருக்கிறார்கள்.

எனக்கு உள்ள மிகப் பெரிய குறை இரவைப் பற்றியது. இரண்டு வீடுகளுக்கும் சேர்த்து இரவில் ஒரேயொரு உதவியாளர்தான் தங்குகிறார், அவரும் பெண்கள் வீட்டில் படுக்கிறார். ஆண்கள் வீட்டிலிருந்து அழைக்க மணி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் வலிப்பு வந்தவர் மணியை அழுத்த மாட்டார், பேச்சு வராதவருக்கு அந்த மணி எதற்கென்று இன்னும் சரியாகப் பழக்கப்படவில்லை. ஆறரை மணிக்குப் படலையைப் பூட்டுவதும் ஆள் குறைவால்தான். நாற்பது வயது மனிதர்கள் கோயில் திருவிழாவின் இரவுப் பூசைக்குப் போக விரும்பினால் முன்னரே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதில் சுதந்திரத்தை விடப் பெரிய விடயமும் அடங்கியிருக்கிறது. இது 1978 நவம்பர் சூறாவளியும் 2004 டிசம்பர் 26இன் கடற்கோளும் தாக்கிய கரை. பகலில் வெளியேறும் பயிற்சி நடக்கிறது, ஒவ்வொருவருக்கும் எடுத்துச் செல்லும் பை ஒன்று கதவருகே தொங்குகிறது, அதற்குள் மருந்தும் பெயரட்டையும் இருக்கின்றன. இரவில் ஒருவர் பதினொரு பேரை எழுப்பி, இருட்டில், மழையில், சத்தத்துக்குப் பயந்து ஒளிந்துகொள்பவரையும் கூட்டிக்கொண்டு உயரமான இடத்துக்குப் போவது நடக்கக்கூடிய காரியமல்ல. ஆண்கள் வீட்டில் இரவு உதவியாளர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கான செலவைப் பகிர்ந்துகொள்ள குடும்பங்களில் சில, எங்களையும் சேர்த்து, ஆயத்தமாக இருக்கின்றன.

உதவியாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுடைய சம்பளம் குறைவு. கெட்டிக்காரரான பெண்பிள்ளைகள் இரண்டு ஆண்டுக்குள் ஆடைத் தொழிற்சாலைக்கோ மத்திய கிழக்குக்கோ போய்விடுகிறார்கள். ஒருவர் போகும்போது அவரோடு பழகியவர் துக்கப்படுகிறார், சாப்பிட மறுக்கிறார். அதனால் போகிறவரும் வருகிறவரும் சில நாட்கள் ஒன்றாக வேலை செய்யும்படி ஒழுங்கு செய்திருப்பது நல்லது. குளிப்பாட்டவும் உடுப்பு மாற்றவும் அதே பாலினத்தவரே உதவ வேண்டும் என்ற விதி ஒருபோதும் மீறப்படவில்லை. உறவினர் உட்பட எந்த ஆணும் பெண்கள் வீட்டின் அறைகளுக்குள் போவதில்லை. இந்தக் கண்டிப்பை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் அறையை யாரோடு பகிர்வது என்று தம்பியிடம் யாரும் கேட்கவில்லை. அவனுடைய அறைத் தோழர் நல்லவர், எனினும் இரவு முழுக்க வானொலி கேட்பவர்.

கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்கே பாரமானது. ஒரு பாடசாலை ஆசிரியரின் மாதச் சம்பளத்தில் ஏறத்தாழப் பாதி அதற்குப் போகும். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கான அங்கவீனக் கொடுப்பனவு 2025இல் மாதம் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது, அது கட்டணத்தின் ஒரு சிறு பங்கையே தாங்கும். சில இடங்களை வெளிநாட்டில் வாழும் எம்மவரின் நன்கொடை தாங்குகிறது, அவை நிரம்பியிருக்கின்றன. பெற்றோரில் ஒருவர் அரச உத்தியோகத்தராக இருந்தால், விதவைகள், தபுதாரர் (மனைவியை இழந்த ஆண்கள்), அநாதைகள் ஓய்வூதியத்தில் அங்கவீனமான பிள்ளைக்கு வயது வந்த பின்பும் உரித்து உண்டு என்பதைப் பலர் அறியாமல் விட்டுவிடுகிறார்கள். வைத்திய சபையின் அறிக்கை வேண்டியிருப்பதால், பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் விசாரித்து ஆவணங்களைத் தயார் செய்வது நல்லது.

ஓரளவு தானாக நடமாடக்கூடியவருக்கும், பேச்சு இல்லாவிட்டாலும் படங்களால் பழகக்கூடியவருக்கும் இந்த இல்லத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். படுக்கையில் இருப்பவருக்கோ இரவில் அடிக்கடி வலிப்பு வருபவருக்கோ, இரவு உதவியாளர் பிரச்சினை தீரும் வரை பரிந்துரைக்க மாட்டேன். பார்க்கப் போகிறவர்கள் விசேட நாளில் போக வேண்டாம். கிழமை நாளொன்றின் பின்னேரத்தில், அனுமதி கேட்டுப் போய், அங்கே வாழ்பவர்களில் ஒருவரிடம் வீட்டைக் காட்டும்படி கேளுங்கள். எங்கள் தம்பியைப் போலவே, உங்கள் பிள்ளையையும் முதலில் சில இரவுகள் தங்கிப் பார்க்கவிட்டு, பிறகு அவரிடமே கேட்டு முடிவெடுங்கள். இல்லம் அதற்கு இடம் தருகிறது.

ஒப்பந்தத்தைக் கையொப்பமிடும் முன் கடைசிப் பக்கத்தை இரண்டு முறை வாசியுங்கள். வதிவாளரின் “பராமரிப்புத் தேவை இல்லத்தின் ஆற்றலுக்கு மேல் அதிகரித்தால்” அவரை ஒரு மாத அறிவித்தலோடு குடும்பத்திடம் திருப்பி ஒப்படைக்கலாம் என்று அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள் முதுமையில் மறதி நோய்க்கு ஆளாகக்கூடும் என்று அறிந்து ஆண்டுதோறும் பதிவு எழுதும் இல்லமே, அந்த நோய் வந்ததும் வெளியேற்றக்கூடிய நிபந்தனையையும் வைத்திருக்கிறது. இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் தொடங்கப்பட்ட கரௌந்தா திட்டம் வாழ்நாள் முழுவதற்குமான வாழிடத்தை நோக்கமாகக் கொண்டது. அந்த நோக்கத்தையாவது இங்கே எழுத்தில் தரலாம். அறிவித்தல் காலத்தை ஓராண்டாக்கவும், மாற்றிடம் உறுதியாகும் வரை எவரையும் அனுப்பக்கூடாது என்று சேர்க்கவும் கேட்டுக் குடும்பங்கள் சேர்ந்து கடிதம் கொடுத்திருக்கிறோம். நிர்வாக சபை அதை அடுத்த பொதுக்கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாக எழுத்தில் பதில் தந்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் வதிவாளர்களும் இருக்க வேண்டும் என்று தம்பி கேட்டிருக்கிறான். அவனுக்கு ஒரு கதிரை போடப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள்.